ஹோமோசிஸ்டீன் எண்ணும் ஃபோலிக் அமில மாத்திரையும்

கும்பகோணம்

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதமும், அதனுடன் நீ மடித்து அனுப்பிய ரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகலும் கிடைத்தன. ஸ்டென்ட் வைத்த பிறகு காலை நடையை மறுபடி தொடங்கிவிட்டாய் என்று அறிந்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. பேத்திக்குத் தஞ்சாவூரில் கல்லூரி இடம் கிடைத்துவிட்டது. மற்றபடி புதுச் செய்தி ஒன்றும் இல்லாததால் நீ கேட்ட விஷயத்திற்கே வருகிறேன்.

ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம்) 19 என்று தடித்த எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் 5 முதல் 15 வரை இயல்பு என்று போட்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கலக்கம் வரத்தான் செய்யும். அதைக் குறைத்தால் இன்னொரு மாரடைப்பு வராது என்று ஒருவர் சொல்ல, நீயும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை வாங்கி வைத்திருக்கிறாய். சொன்னவர் கதை கட்டவில்லை. நான் உயிர்வேதியியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் மருத்துவ உலகமே மிகுந்த நம்பிக்கையோடு பேசிய கருத்துதான் அது.

1969இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்மர் மெக்கல்லி என்ற நோயியல் வல்லுநர், பிறவிக் கோளாறால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்து இறந்துபோன இரண்டு குழந்தைகளின் ரத்தக்குழாய்களை ஆராய்ந்தார். இருவருக்கும் இருந்த நொதிக் குறைபாடு வெவ்வேறு. ஆனால் இருவருடைய தமனிகளும் முதியவர்களுடையவை போலத் தடித்துக் கிடந்தன. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஹோமோசிஸ்டீன் ஒன்றே என்பதால் குற்றவாளி அதுவே என்றார். கொலஸ்ட்ராலைத் தவிர வேறெதையும் பேச விரும்பாத அந்தக் காலத்தில் இதற்கு வரவேற்பு இல்லை. பின்னர் அவர் ஹார்வர்டை விட்டே வெளியேற நேர்ந்தது. 1990களில்தான் காற்று திரும்பியது. இதய நோயாளிகள் பலருக்கு ஹோமோசிஸ்டீன் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டின. மெத்தியோனைன் என்ற இன்னோர் அமினோ அமிலத்திலிருந்து உருவாகும் ஹோமோசிஸ்டீனை மறுபடி மெத்தியோனைனாக மாற்றுவதற்கு ஃபோலேட்டும் (மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக வரும் வைட்டமின்) பி12 வைட்டமினும் தேவை என்பதால், சில காசு மாத்திரையில் அந்த எண்ணைக் குறைத்துவிடலாம் என்பதும் தெளிவாயிற்று. (நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுதான் 1940களில் அமெரிக்காவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது என்பது உனக்கு நினைவிருக்கும்.)

மாத்திரை எண்ணைக் குறைத்தது உண்மை. நோயைத்தான் குறைக்கவில்லை. நார்வேயில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 3,749 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2006இல் வெளிவந்தது. தினமும் 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் பி12-ம் எடுத்தவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் 27 சதவீதம் இறங்கியது. மாரடைப்போ மரணமோ இறங்கவில்லை. அத்துடன் பி6-ஐயும் சேர்த்து எடுத்த பிரிவினருக்கு நிலைமை சற்று மோசமாகவே இருந்ததுபோல் தெரிந்தது. அதே ஆண்டு வெளியான ஹோப்-2 ஆய்வில் 5,522 பேர் ஐந்தாண்டுக் காலம் கண்காணிக்கப்பட்டனர். அங்கும் மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம் மட்டும் ஓரளவு குறைந்தது. 2010இல் எட்டுச் சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 37,485 பேரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஹோமோசிஸ்டீன் கால் பங்கு இறங்கியும் இதய நோயில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை. அமெரிக்காவில் 1998 முதல் மாவிலேயே ஃபோலிக் அமிலம் சேர்ப்பதால் அங்குள்ளவர்களுக்குக் கூடுதல் பயன் தெரியாமல் போயிருக்கலாம் என்று சிலர் வாதிட்டார்கள். நார்வேயில் அப்படிச் சேர்ப்பதில்லையே என்பது என் பதில்.

கடிகார முள்ளைத் தள்ளி வைத்தால் பொழுது விடிந்துவிடாது. சிறுநீரகம் தளர்ந்தாலும், வயது ஏறினாலும், புகைபிடித்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறுகிறது. இதயத்தைக் கெடுப்பவையும் இவையே. ஆகவே அது பெரும்பாலும் கேட்டின் அடையாளமே தவிரக் காரணம் அன்று என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். சீனாவில் ரத்த அழுத்தம் உள்ள 20,702 பேரில் ஒரு பாதிக்கு எனலாப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்து மட்டும், மறுபாதிக்கு அதனுடன் 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் என்று நாலரை ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவின்படி, முதல் பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்தது. ஆனால் அவர்கள் உணவில் ஃபோலேட் குறைவாகக் கிடைத்தவர்கள். அதற்கு முன் மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்கள். மாரடைப்பு விஷயத்தில் அங்கும் தெளிவான பலன் இல்லை. உன் நிலை அதுவன்று.

இனி உன் 19-க்கு வருகிறேன். ரத்தம் எடுக்க வீட்டிற்கு வந்த பையன், குழாயை வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு இன்னும் நான்கு வீடு சுற்றிவிட்டுப் போனான் என்று நீயே எழுதியிருக்கிறாய். எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைக்காமலும் செல்களை உடனே பிரிக்காமலும் விட்டால், சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்து எண் தானாகவே ஏறும். எனவே முதலில் அந்த 19-ஐயே நான் முழுதாக நம்பவில்லை. உண்மையாகவே ஏறியிருந்தாலும், பிறவியிலிருந்து சைவ உணவு உண்ணும் உனக்கு பி12 குறைவால் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். இங்கேதான் அந்த 5 மில்லிகிராம் எனக்குக் கவலை தருகிறது. பெரியவர்களின் ஒரு நாள் தேவை 0.4 மில்லிகிராம், மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் மாத்திரையாக ஒரு மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொது வரம்பு. பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை அதிகமாக எடுத்தால் ரத்தசோகை சரியாகிவிடும்; ஆனால் நரம்புச் சேதம் வெளியே தெரியாமல் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். காலில் மதமதப்பு இருக்கிறது என்று சென்ற கடிதத்தில் நீ போகிற போக்கில் எழுதியதை நான் மறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு உன் மருமகளுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஃபோலிக் அமிலத்தை நிறுத்தச் சொல்லிவிடாதே. கருவின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுப்பதில் அதன் பயன் 1991லேயே ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. அது வேறு கணக்கு.

பி12, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் பார்த்துவிட்டு, வாங்கி வைத்த அட்டையையும் எடுத்துக்கொண்டு உன் இதய மருத்துவரிடம் போ. அவர் கொடுத்த ஆஸ்பிரினையும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினையும் எக்காரணம் கொண்டும் விடாதே. முடிவுகள் வந்ததும் எண்களை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
ராமநாதன்