எங்கள் ஊரில் கட்சியே இல்லையாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வந்த உள்ளாட்சிக் கட்டுரையில், 'கிராம ஊராட்சித் தேர்தல் கட்சி சார்பற்று நடப்பதால் ஊர் ஒற்றுமை காக்கப்படுகிறது' என்று ஒரு வரி. டீக்கடையில் உரக்கப் படித்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரே சிரித்துவிட்டார்.

2019 டிசம்பரில் எங்களுக்கு நாலு வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். மாவட்டக் கவுன்சிலருக்கும் ஒன்றியக் கவுன்சிலருக்கும் கட்சிச் சின்னம். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் பூட்டு சாவி, ஆட்டோ மாதிரி பொதுச் சின்னம். சட்டம் அவ்வளவுதான். பூட்டு சாவிக்கு ஓட்டுக் கேட்டு வந்தவரின் வேட்டிக் கரை என்ன நிறம் என்று தங்கள் கட்டுரையாளர் பார்க்கவில்லை போலும்.

நான் அப்போது ஜெயித்த வார்டு உறுப்பினர். துணைத் தலைவர் தேர்வுக்கு முந்தின இரவு நாலு உறுப்பினர்களை வேனில் ஏற்றிப் போனார்கள். மறுநாள் ஓட்டுப் போடத்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்சி சார்பற்ற வேன்! (என்னைக் கூப்பிடவில்லை என்ற வருத்தமும் உண்டு, ஒளிப்பானேன்.)

ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தலைவர் ஒரு கட்சி, துணைத் தலைவர் எதிர்க்கட்சி. தண்ணீர்த் தொட்டி மோட்டார் காயில் எரிந்துபோனது. பில் வந்தது. "எங்கள் கட்சி ஒன்றியச் செயலாளர் சொல்லட்டும்" என்று துணைத் தலைவர் பேனாவை மூடிவிட்டார். 43 நாள் பெண்கள் வயல் பம்புசெட்டுக்குக் குடம் தூக்கினார்கள், என் வீட்டம்மாளும் சேர்த்து. சின்னத்தோடு வந்திருந்தால் அடுத்த சட்டமன்றத் தேர்தலில் அந்தக் கட்சியை நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருப்போம். கேட்டால், "அவர் சுயேச்சைங்க" என்கிறார்கள். அதிகாரம் கட்சிக்கு, பழி பூட்டு சாவிக்கு.

அந்தக் கூத்தும் இப்போது இல்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. ஐந்து ஆண்டு முடியுமுன் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. வந்ததோ, எங்கள் இடத்தில் நிர்வாகம் பார்க்க அரசு நியமித்த தனி அலுவலர். 2016 அக்டோபரிலும் இதே கதைதான். மூன்று ஆண்டுக்கு மேல் இழுத்தது. அன்று ஆண்டது ஒரு கழகம், 2025-ல் ஆண்டது இன்னொரு கழகம். வார்டு எல்லை மறுவரையறை, வழக்கு என்று காரணம் மட்டும் மாறாது. மேலே ஆள்பவர்களுக்குத் தோதுப்படும் நாளில்தான் கீழே தேர்தல் வரும். 2017-ல் இதைப் பற்றித் தங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இடப்பற்றாக்குறை இருந்திருக்கும். அந்த வாரம் நடிகர் திருமணத்துக்கு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள்.

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர். ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் அவரேதான் தனி அலுவலர். எரியாத தெருவிளக்குக்கு அவரைத் தேடி நான் மூன்று தடவை பஸ் ஏறிவிட்டேன். "சார் மீட்டிங்கில் இருக்கிறார்." ஆகவே தங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: எந்த ஊருக்கு எந்தக் கிழமை வருவார் என்று விசாரித்து மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். தங்கம் விலைக்குத் தினமும் போடுகிறீர்களே, அதில் பாதி போதும்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர்,
புதுக்கோட்டை மாவட்டம்.

(பெயரும் ஊரும் போட வேண்டாம். துணைத் தலைவர் வீடு அடுத்த தெருவில்தான்.)