பட்டறைத் தொழிலாளர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2023–24

தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மே தினக் கொடியேற்றம், ஆயுத பூஜை, நிர்வாகக் குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டு சங்கம் அதிகம் பாடுபட்டது, விபத்து இழப்பீட்டு ஒப்பந்தங்களைக் கையெழுத்துக்கு முன் படித்துப் பார்ப்பதில்தான். பத்துப் பேருக்குக் குறைவான நம் பட்டறைகளுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) கிடையாது. பவர் பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரம்) விரல் போனால், 2023–24இல் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம்தான் துணையாக இருந்தது. முதலாளி நீட்டும் தாளில் "மருத்துவச் செலவு உள்பட முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்றிருக்கும். அந்த "உள்பட"வில்தான் வில்லங்கம்.

கணக்கைப் பாருங்கள். வயது 30, மாதச் சம்பளம் 15,000, ஆள்காட்டி விரல் முழுதும் போனால், அந்தச் சட்டத்தின் பட்டியல்படி சம்பாதிக்கும் திறனில் இழப்பு 14 சதவீதம். சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. அதை 30 வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கெண்ணான 207.98ஆல் பெருக்கி 14 சதவீதம் எடுத்தால் ரூ.2,62,055. சிகிச்சைக்கு ஆன செலவு, அந்தச் சட்டத்தில் 2009 திருத்தத்தில் வந்த 4(2ஏ) பிரிவுப்படி, இதற்கு மேல் தனி. பில் 60,000 என்றால் மொத்தம் 3,22,055 வரவேண்டும். "உள்பட 2,80,000" என்று வாங்கினால் 42,055 போயிற்று.

காப்பீட்டு நிறுவனம் ஆஸ்பத்திரிச் செலவைத் தராது என்பார்கள் முதலாளிகள். பாலிசியில் அதைச் சேர்க்காமல் விட்டது முதலாளி. கொடுக்க வேண்டியவரும் அவரே. ஆகவே இரண்டு தொகையையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். "இன்ன தேதி வரையான பில்" என்பதோடு நிறுத்தாமல், சிகிச்சையில் வைத்த கம்பியைப் பிறகு எடுக்கும் செலவும் பிசியோதெரபியும் பில்படி தரப்படும் என்று சேர்க்க வேண்டும். மெடிக்கல் ஷாப் பில் சில மாதத்தில் மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுங்கள்.

ஒப்பந்தத்தைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் பதிய வேண்டும் (1923 சட்டத்தில் 28ஆம் பிரிவு). தொகை குறைவென்றால் அவர் பதிய மறுக்கலாம். பதியாத தாளில் கையெழுத்திட்டவர்களும் மனம் தளர வேண்டாம்: விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் மனுப் போடலாம்.

வருத்தம் ஒன்று. கையெழுத்துப் போட்ட பிறகு தாளைக் கொண்டுவந்தவர்களே அதிகம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வராதவர்களும் சந்தா பாக்கி வைத்தவர்களும் பெரும்பாலும் அவர்களே.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சொல்லும்படி இல்லை. உதவிய வழக்கறிஞருக்கும் இடம் தந்த டீக்கடைக்காரருக்கும் நன்றி.

வரும் ஆண்டு தாள்களைப் படிக்க இன்னும் இரண்டு பேராவது வேண்டும். பாக்கிச் சந்தா வந்தால்தான் ஆணையர் அலுவலகத்துக்குப் போய்வரும் பஸ் செலவு கட்டும்.

செயலாளர்