பொருளாளராக இருந்தவன் எழுதும் நன்றி மடல்

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான சபையார் அனைவருக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

கடந்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் இருபத்துநான்காவது தவணையான 7,300 ரூபாயைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொண்டேன். அதோடு, ஆலயக் கூரைப் பழுதுபார்ப்பு நிதியிலிருந்து நான் திருடிய 1,46,000 ரூபாயும், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்காகச் செலுத்த ஒப்புக்கொண்ட 29,200 ரூபாயும் தீர்ந்தன. இந்த மடலை முதலில் எழுதியபோது 'திருடிய' என்ற இடத்தில் 'கையாண்ட' என்று எழுதியிருந்தேன்; என் மனைவி படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு மட்டும் போட்டுவைத்தார். இரண்டு ஆண்டுகளாக எனக்கு உதவிய உங்களுக்கு நன்றி சொல்லவே எழுதுகிறேன்; எந்தக் குழியிலிருந்து தூக்கிவிட்டீர்கள் என்பதை அதற்குரிய பெயரால் சொல்லாமல் அந்த நன்றியைச் சொல்ல முடியாது.

நடந்ததில் விரித்துச் சொல்ல அதிகமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையில், புளியந்தோப்பில் இருந்த என் அச்சகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்து, கல்யாணப் பத்திரிகைகளுக்காக வாங்கி அடுக்கியிருந்த தாள்கட்டுகள் ஊறிப்போயின. இயந்திரத்தின் மோட்டாரும் போயிற்று. ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில், அதாவது ஆலயத்தை ஒட்டிய அறையில், இருவர் எண்ணி, தாளில் குறித்துக் கையெழுத்திட்டுத் தரும் காணிக்கையைத் திங்கட்கிழமை வங்கியில் கட்டுவது அப்போது பொருளாளரின் வேலையாக இருந்தது. எண்ணிய தொகை ஒன்றும் கட்டிய தொகை வேறொன்றுமாக ஆகத் தொடங்கியது. இடைவெளியைக் 'கொத்தனாருக்கு முன்பணம்' என்ற பொய் வவுச்சர்களால் நிரப்பினேன். அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் எடுத்தேன். அந்தத் தெருவில் மழையால் நஷ்டப்பட்ட கடைக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் யாரும் காணிக்கைப் பையில் கை வைக்கவில்லை. ஆகவே புயலைச் சாக்காகச் சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த மாதங்களில் ஒரு ஞாயிறு கூட நான் ஆலயத்துக்கு வரத் தவறவில்லை. பாவ அறிக்கையின்போது எல்லாருடனும் சேர்ந்து 'பாவம் செய்தோம்' என்று சொன்னேன். பன்மை எவ்வளவு வசதியானது என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். 'செய்தோம்' என்ற சொல்லுக்குள் முந்நூறு பேருக்கு நடுவில் ஒருவன் தாராளமாக ஒளிந்துகொள்ளலாம். ஆனால் 2024ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாள் மார்ச் 31ஆம் தேதி வந்தது. கணக்காண்டு முடியும் நாளும் அதுவே. கல்லறைக் கல் புரண்ட நாளில் என் பேரேடும் திறக்கப்படப்போகிறது என்ற எண்ணம் லெந்து என்னும் தவக்கால நாட்கள் முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. பெரிய வியாழன் திருவிருந்து முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது, வெஸ்ட்ரியில் அங்கியை மடித்துக்கொண்டிருந்த ஆயர் ஐயாவிடம் 'செய்தேன்' என்று ஒருமையில் சொன்னேன். மனந்திரும்புதல் பாதி, தணிக்கைக்குப் பயந்தது பாதி என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நன்றி அவருக்கே. என் தோளில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எவ்வளவு?" என்று கேட்டார். "கொஞ்சம் பணம், ஐயா" என்றேன். "கொஞ்சம் என்று ஒரு தொகை இல்லை, தம்பி" என்றார். தொகையை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ஜெபம் நடந்தது. அன்றே பொறுப்பை எழுதிக் கொடுத்தேன். இனித் திருவிருந்துக்கும் வரமாட்டேன் என்றேன். "பொறுப்பை விட்டு இறங்குங்கள், பந்தியை விட்டு எழுந்திருக்க வேண்டாம்" என்று அவர் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த இரண்டு ஆண்டுகளும் ஆலயத்துக்குள் நடந்து வந்தேன்.

இரண்டாவது நன்றி, கமிட்டியில் எனக்கு எதிராகப் பேசிய மூப்பர் ஐயாவுக்கு. வெளியே தெரிந்தால் சபைக்கு அவமானம், பணத்தைக் கட்டச்சொல்லி இதோடு விட்டுவிடலாம் என்று சிலர் பரிவோடு சொன்னபோது, "கிருபை என்று சொல்லி மூடி மறைக்காதீர்கள், காணிக்கை போட்ட ஒவ்வொருவரிடமும் சொல்லியாக வேண்டும்" என்று எழுந்து நின்றவர் அவர். அன்றிரவு அவரை நான் வெறுத்தேன். மறைத்திருந்தால், தெரிந்த பத்துப் பேரின் முகத்தையும் தெரியாத முந்நூறு பேரின் முகத்தையும் வாழ்நாள் முழுக்க வேறுவேறு விதமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்கும் என்பது சபைக் கூட்டத்தில் நின்று அறிக்கை செய்த பிறகே எனக்கு விளங்கியது.

வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் ஐயா, தொடர்ந்து பதினோரு இரவுகள் வெஸ்ட்ரியில் என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு வவுச்சரையும் சரிபார்த்தார். பொய்யானவற்றை என் கையாலேயே சிவப்பு மையில் சுழிக்கச் செய்தார். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, ரப்பர் பாண்டு போட்ட ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளைப் பிரித்தபோது, பழுப்பு உறை ஒன்றின் மேல் பென்சிலால் 'பேரனுக்குக் காய்ச்சல் விட்டது' என்று எழுதி, ஓரத்தில் 20 ரூபாய் என்று குறித்திருந்தது. அந்த வாரத்துக் காணிக்கையில் ஒரு ரூபாய்கூட வங்கிக்குப் போகவில்லை. 1,46,000 என்ற தொகை அதுவரை எனக்குக் கடனாகவே தெரிந்தது. அந்த இருபது ரூபாயைப் பார்த்தபோதுதான் பாவமாகத் தெரிந்தது. வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் அந்த அம்மாவைத் தேடிப் போய்ச் சொன்னேன். "நான் ஆண்டவருக்குக் குடுத்தேன் தம்பி. நீ அவர்கிட்டதான் கணக்குச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போய்விட்டார்கள்.

அந்த இரவுகளில் ஒன்றில்தான் ஐயா ஃபபிரிசியஸ் போதகரைப் பற்றிச் சொன்னார். வேப்பேரியில் பல பத்தாண்டுகள் ஊழியம் செய்து, வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்து, 1779இல் தமிழ் ஆங்கில அகராதியும் வெளியிட்ட அவர், முதுமையில் பண விவகாரங்களில் சிக்கிக் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791இல் இதே சென்னையில் காலமானார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஐயா சொன்னார் என நினைத்தேன். சொல்லி முடித்ததும், "அவர் ஏமாந்தவர், நீங்கள் எடுத்தவர். இரண்டையும் கலக்காதீர்கள்" என்றார். ஐயாவின் ஆறுதல் எப்போதும் இந்த அளவில்தான் கிடைக்கும்.

குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமான ஆவியோடே 'சீர்பொருந்தப்பண்ணுங்கள்' என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய இடத்தை ஆயர் ஒருநாள் விளக்கினார். மூல கிரேக்கத்தில் அங்கே வரும் வினைச்சொல்தான், செபெதேயுவின் குமாரர் படவில் வலைகளைப் பழுதுபார்த்ததாக மாற்கு சொல்லும் இடத்திலும் வருகிறதாம். மறுநாள் காசிமேட்டுக்குப் போய் அரை மணிநேரம் நின்று பார்த்தேன். வலை கட்டுகிறவர் கிழிசலை எடுத்த எடுப்பில் தைக்கவில்லை. பிய்ந்து தொங்கும் நூல்களைக் கத்தியால் நறுக்கி, முடிச்சு உறுதியாக இருக்கும் கண்ணிவரை வெட்டிக்கொண்டே போனார். ஓட்டை முன்னிருந்ததைவிடப் பெரிதாயிற்று. பிறகுதான் ஊசியை எடுத்தார். தொகையைக் கேட்ட ஆயரும், எழுந்து நின்ற மூப்பரும், சிவப்புப் பேனாவை என் கையில் கொடுத்த ஐயாவும் எனக்கு என்ன செய்தார்கள் என்பதை நான் புரிந்துகொண்டது அந்த மீன் வாடைக்கு நடுவில்தான்.

திருப்பிச் செலுத்தும் தொகை பற்றிக் கமிட்டியில் விவாதம் எழுந்தது. இயேசுவிடம், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன வரி வசூலிப்பவன் சகேயுவைப்போல இவரும் கட்டட்டும் என்றார் ஒருவர். அது 5,84,000 ரூபாய், அச்சகத்தை விற்றாலும் தேறாது. பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் சொல்லும்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு என்று முடிவாயிற்று. நான் கட்டியது மன்னிப்பின் விலை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். சகேயு நாலத்தனையாகத் தருகிறேன் என்று சொல்லும்போது இயேசு ஏற்கெனவே அவன் வீட்டுக்கு வந்துவிட்டார். உயிர்த்தெழுந்த திருநாள் மாலையில், ஒரு பைசா கூடக் கட்டாத என் வீட்டுக்கு ஆயர் வந்து, சட்டினி தீர்ந்துபோனதால் வெறும் பொடி தொட்டு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகள், வெள்ளிக்கிழமைக் கூடுகையில் என் மனைவி எப்போதும் உட்காரும் இடத்தை ஒரு வாரம்கூட வேறொருவருக்குக் கொடுக்கவில்லை. வாலிபர் சங்கத்துத் தம்பிகள், காணிக்கையை அன்றன்றைக்கே இருவராகச் சேர்ந்து கட்டும் முறையையும், எண்ணிய தொகையை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கத்தையும், க்யூஆர் அட்டையையும் கொண்டுவந்தார்கள். அட்டை வந்ததால் ஆசை ஒழிந்துவிடாது என்றாலும், கைக்கும் பைக்கும் இடையே தூரம் கூடியிருக்கிறது. இன்றுவரை என்னோடு பேசாதவர்கள் இரண்டு குடும்பத்தார் இருக்கிறார்கள். அவர்களும் அந்தக் கூரைக்குக் கொடுத்தவர்கள். அவர்களிடம் எதையும் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அவர்களுக்கும் என் வணக்கம்.

இந்த ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாள் ஆராதனைத் தாளை அச்சிடும் வேலையைக் கமிட்டி என்னிடம் கொடுத்திருக்கிறது. காசு வேண்டாம், காணிக்கையாக இருக்கட்டும் என்றேன். காணிக்கை கொடுப்பதென்றால் பையில் போடுங்கள், வேலைக்குக் கூலி வேலைக்குத்தான் என்று சொல்லி, ஐயா வவுச்சர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். அவரும் புதிய பொருளாளரும் முதலில் கையெழுத்திட்டார்கள். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரன்,
சபையின் முன்னாள் பொருளாளர்,
சென்னை.