சீலிங் மூடியைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"ஏர்கான் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, மாடி அறை மட்டும் குளிர மாட்டேன் என்கிறது." போன மாதம் நாலைந்து பேர் இதையே சொல்லி எங்களைக் கூப்பிட்டார்கள். எல்லாம் நம் சிங்கப்பூரில் ஓட்டுக்கூரை போட்ட பழைய தரைவீடுகள், அதாவது அடுக்குமாடி அல்லாத வீடுகள். ஏர்கானில் கேஸ் ஏற்றிப் பார்த்தும் பலன் இல்லையாம்.

இப்படிப்பட்ட வீட்டில் நாங்கள் முதலில் பார்ப்பது சீலிங்கில் இருக்கும் சதுர மூடியைத்தான். ஒயர் பார்க்கவும் ஓடு மாற்றவும் ஆள் ஏறுவதற்காக விட்ட வழி அது. பெரும்பாலும் ஒரு பிளைவுட் பலகை, சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதன் ஓரத்தில் மை தடவியதுபோல் தூசி படிந்திருந்தால், அந்த இடுக்கில் காற்று போய்வருகிறது என்று அர்த்தம்.

சிராங்கூன் கார்டனில் ஒரு வீட்டு அக்கா, சாமி அறையிலிருந்து ஊதுபத்தி எடுத்து வந்து கொடுத்தார். ஏர்கானைப் போட்டு, கதவைச் சாத்தி, மூடி ஓரத்தில் பிடித்தோம். புகை மேலே போகாமல் மடங்கிக் கீழே இறங்கியது. அக்காவுக்கு ஆச்சரியம். குளிர்ந்த காற்று கனமானது, அது கதவடி வழியாக வெளியே நழுவும். அந்த இடத்தை நிரப்ப, ஓட்டுக்கடியில் வெந்துகொண்டிருக்கும் ஈரக் காற்று மூடி வழியாக இறங்கும். பனி பெய்யும் நாடுகளில் இது தலைகீழ்: ஹீட்டர் சூடு மேலே ஏறி இதே மூடி வழியாகத் தப்பித்துவிடும்.

60 செ.மீ. சதுர மூடியைச் சுற்றி 3 மி.மீ. இடுக்கு என்று வையுங்கள். மொத்தம் 72 சதுர செ.மீ., கிட்டத்தட்ட உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதனால் முதல் வேலை இடுக்கை அடைப்பதுதான். சட்டத்தின் மேல் ரப்பர் பட்டை ஒட்டி, மூடி அதில் அழுந்தி உட்கார இரண்டு கொக்கி போடுவோம். அப்புறம்தான் மூடியின் முதுகில் 50 மி.மீ. ஃபோம் பலகை. 9 மி.மீ. பிளைவுட் மட்டும் இருக்கும்போது இறங்கும் சூடு, இதற்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறோம். ஆரம்பத்தில் பனி பெய்யும் நாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்து, ஒரு பக்கம் ஃபாயில் ஒட்டிய, சூடு தடுக்கும் பஞ்சை வைத்து, அந்த ஃபாயிலை அறைப் பக்கம் பார்க்க ஒட்டினோம். அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து மேலே போகும், அவர்களுக்கு அது சரி. நம் ஊரில் ஈரம் கூரைப் பக்கமிருந்து வருகிறது. சில மாதத்தில் பஞ்சுக்குள் ஈரம் புகுந்து, குளிர்ந்த ஃபாயிலில் வியர்த்து, பலகையில் பூஞ்சை பிடித்துவிட்டது. கழற்றி, காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தோம். இங்கே ஃபாயில் மேல் பக்கம்தான் இருக்க வேண்டும்.

நீங்களே செய்கிறீர்களா? தாராளமாக. பெட்டியில் வரும் வெள்ளைத் தெர்மோகோலை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள், அது சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் டவுன்லைட் (சீலிங்கில் பதித்த விளக்கு) இருந்தால் அதையும் மூடிவிடாதீர்கள், சூடு போக வழி வேண்டும்.

இதனால் கரண்ட் பில் பாதியாகிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். சீலிங் முழுவதும் மேலே ஒன்றுமே விரிக்காத வீட்டில் மூடியை மட்டும் சரிசெய்வது அரைக்கிணறுதான். வந்து பார்த்தால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, மேல்மாடியிலும் தலைக்கு மேல் கான்கிரீட்தான்.

ஒரு மூடிக்கு 120 வெள்ளி, வேலை ஒன்றரை மணி நேரம். காலை 10 மணிக்குள் நேரம் கொடுங்கள். அதற்கு மேல் ஓட்டுக்கடியில் எங்கள் பையன்களால் உட்கார முடியாது.

அன்புடன்,
உங்கள் சீலிங் கடையினர்