நோய் எதுவென்று பார்த்துவிட்டு மருந்து எழுதுங்கள்

மதிப்பிற்குரிய தோட்டக்கலை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஓணச் சந்தைக்கு நட்ட கேந்தி (செண்டுமல்லிப் பூ) எங்கள் பகுதியில் எப்படி அழிந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டு முதலில் கார்பன்டசிம் ஊற்றச் சொன்னீர்கள். பிறகு மான்கோசெப் தெளிக்கச் சொன்னீர்கள். கடனுக்கு வாங்கி இரண்டையும் செய்தோம். இரண்டும் பூஞ்சாணக் கொல்லிகள். எங்கள் வயலில் இருந்ததோ ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா உண்டாக்கும் வாடல் நோய்.

நண்பகலில் செடி தலை தொங்கும். இலை பச்சையாகவே இருக்கும். மாலையில் சற்று நிமிரும். தண்ணீர் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். பக்கத்து வயல் அக்கா அப்படித்தான் இரவெல்லாம் மோட்டார் ஓட்டிப் பாய்ச்சினார். அந்தத் தண்ணீரே கிருமியைப் பாத்தி பாத்தியாகக் கொண்டுபோனது. தன் கையாலேயே பயிரைக் கொன்றுவிட்டதாக அவர் இன்றும் புலம்புகிறார். பாய்ச்சலை நிறுத்துங்கள், வாடியதை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல அன்று ஒருவர்கூட வரவில்லை.

வந்திருந்தால் ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். வாடிய தண்டை அடிப்பக்கம் அறுத்து, வெட்டுவாயைத் தெளிந்த நீரில் பிடித்தால், சில நிமிடங்களில் பாக்டீரியாக் கசிவு பால் நிற இழையாக இறங்கும். பூஞ்சாண வாடலில் அப்படி இறங்காது. வேளாண்மை படிக்கும் எங்கள் ஊர்ப் பெண் செய்து காட்டியபோது பாதி வயல் போயிருந்தது. ஐயா, நோயைக் கண்டறிந்த பிறகு மருந்து எழுதுங்கள். நாங்கள் கேட்பது இதுதான்.

மலையோரத்தில் ஆந்தூரியம் என்னும் அலங்காரப் பூச்செடி வளர்ப்பவர்களுக்கும் இதே கதிதான். இலை விளிம்பில் நீர் கோத்த புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் என்றால் சாந்தோமோனாஸ் என்னும் பாக்டீரியாவின் கருகல் நோயாக இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டாமா? 1980களில் ஹவாய்த் தீவின் ஆந்தூரியத் தோட்டங்களைக் குலைத்த நோய் அது. இங்கே எல்லாப் புள்ளிக்கும் ஒரே மருந்துச் சீட்டு. மருந்துக் கடைக்காரர் தருவதும் அதுவே என்றால், அலுவலகம் எதற்கு என்று ஊரில் கேட்கிறார்கள். கேரளத்திலேயே ஓணத்துக்குக் கேந்தி நடத் தொடங்கிவிட்டார்கள். தோவாளைப் பூச்சந்தையில் எங்களுக்கு இருக்கும் இடமும் சுருங்குகிறது. மானியத் திட்டங்களின் படத்துக்குப் பூவோடு நிற்க எங்களை அழைக்கிறீர்கள். பூ சாகும்போது வயலுக்கு வர வண்டி இல்லை என்கிறீர்கள்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளுங்கள். இந்த வாடல் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் தாக்கும். கெட்ட வயலில் அடுத்து மக்காச்சோளம் போடுவதா, நெல் போடுவதா என்று சொல்லவும் நீங்கள்தான் வேண்டும். எனவே ஆனி மாத நடவுக்கு முன், வட்டாரத்துக்கு ஒருவரையாவது அந்தத் தம்ளர் சோதனைக்குப் பழக்குங்கள். சந்தேகமான செடிகளை ஆய்வகத்துக்கு அனுப்பும் பொறுப்பை அலுவலகமே ஏற்கட்டும். முடிவு வரும்வரை மருந்து எழுதாதீர்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோவாளைக்குப் பூ அனுப்பும் விவசாயி