பழி வாங்காத பேய் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆவிக் கதைச் சிறப்பிதழை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நடையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வருகிற பேயெல்லாம் பழிவாங்கவே வருகிறது. கொன்றவனைக் கொன்றதும் பேய்க்கும் வேலை முடிந்தது, கதையும் முடிந்தது. அந்த வகையில் பழையனூர் நீலியை மிஞ்ச ஆள் கிடையாது. அவளையே எத்தனை காலம் நகலெடுப்பது?

தான் செய்ததை நினைத்துப் புழுங்கும் பேய்க்கு அடிக்க ஆள் இல்லை. அது யார் வாசலில் போய் நிற்கும்? கதை அங்கேதான் சூடுபிடிக்கிறது. பௌத்தர்களின் பேதவத்து என்ற நூலில் வரும் பேய்கள் இந்த ரகம். 'நீ யார், ஏன் இந்தக் கோலம்?' என்று யாராவது கேட்டால், உயிரோடிருந்தபோது செய்த தப்பைத் தானே சொல்லும். கையில் இருந்தும் கொடுக்காதது, பொய்ச் சத்தியம் செய்தது என்று வீட்டுக்குள் நடக்கிற சங்கதிகள்தான் நிறைய. பிம்பிசார மன்னரின் செத்துப்போன உறவினர்கள், அவர் செய்யும் தானத்தின் பலனில் தங்களுக்கும் பங்கு வராதா என்று ஏங்குகிறார்கள். இங்கே யாங்கோனில் தானம் முடிந்ததும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வார்த்து, 'அம்யா, அம்யா, அம்யா' என்று புண்ணியத்தைப் பங்கு வைப்பதை நாமும் பார்க்கிறோம். உங்கள் கதைகளில் அது தலைகாட்டவே இல்லை.

வருத்தம் செத்தவருக்கு மட்டும் சொந்தமும் இல்லை. மண்டலே பக்கம் தவுங்பியோனில் அண்ணன் தம்பி இருவரை 'நாட்' என்னும் ஆவித் தெய்வங்களாக வணங்குகிறார்கள் அல்லவா? புத்தர் கோயிலுக்கு ஆளுக்கொரு செங்கல் வைக்கத் தவறியதற்காகப் பகான் மன்னர் அனவ்ரதா அவர்களைக் கொல்லச் சொன்னார். பிறகு அவர்கள் ஆவியாக வந்து முறையிட்டதும் அந்த ஊரையே கொடுத்தாராம். செங்கல் இல்லாத இரண்டு இடத்தையும் இன்றும் காட்டுகிறார்கள்.

1942இல் ஜப்பானியப் படைக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பிய நம்மவர்களில், நடக்க முடியாத பெரியவர்களை வழியில் விட்டுப் போனவர்கள் உண்டு. இதை உங்கள் எழுத்தாளர்களிடம் எழுதச் சொன்னால், காட்டில் விடப்பட்ட கிழவியைப் பேயாக்கிப் பேரனைத் துரத்த விடுவார்கள். சரி, ஒரு மாற்றத்துக்கு, விட்டுவிட்டு ஊர் சேர்ந்து, எண்பது வயதுவரை வாழ்ந்து செத்த மகனைப் பேயாக்கிப் பார்க்கட்டுமே! அப்படி ஒரு கதை வந்தால் இரண்டு பிரதி வாங்குவேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
யாங்கோன்.