வீட்டுப் பராமரிப்பாளர்களின் ஓவர்டைமைப் பறிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய அமெரிக்கத் தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். வீட்டுக்கு வந்து முதியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் ஓவர்டைமும் கிடைக்கச் செய்த 2013 விதியை விலக்கிக்கொள்ளப் போவதாக 2025 ஜூலையில் அறிவித்தீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஹூஸ்டனில் படுக்கையில் இருக்கும் என் அம்மாவை ஏஜென்சி மூலம் வரும் ஒரு பெண்மணிதான் பார்த்துக்கொள்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரியும் அப்படித்தான். முழங்காலை மடக்கி, தோளுக்கு அடியில் கை கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் பக்கம் இழுப்பார். அப்புறம் விரிப்பில் சுருக்கம் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் "தண்ணி", "வலி" என்ற இரண்டு சொற்கள்தான். என் அம்மாவுக்காகக் கற்றுக்கொண்டவை. வாரத்துக்கு 60 மணி நேரம் இந்த வேலை. சட்டத்தில் இதற்குப் பெயர் 'துணைக்கு இருப்பது'.

கிடங்கில் மூட்டை தூக்குபவருக்கு 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி உண்டு. என் அம்மாவைத் தூக்குபவருக்கு மட்டும் ஏன் கூடாது?

1938-இல் ஊதியச் சட்டம் வந்தபோதே வீட்டு வேலை செய்பவர்களையும் பண்ணைக் கூலிகளையும் வெளியே நிறுத்தினார்கள். தெற்கு மாநிலங்களில் அந்த வேலைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். 1974-இல் வீட்டு வேலைக்காரர்களைச் சேர்த்தார்கள், முதியவர்களுக்குத் துணை இருப்பவர்களை விட்டுவிட்டார்கள். ஜமைக்காவிலிருந்து வந்து நியூயார்க்கில் 24 மணி நேர ஷிஃப்டெல்லாம் பார்த்த எவலின் கோக், ஓவர்டைம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். 2009-இல் அவர் இறந்துபோனார். 2013 விதியைப் பார்க்க அவர் இல்லை.

உங்கள் தலைமையகத்துக்கு, 1938 சட்டம் வந்தபோது உங்கள் துறையின் செயலராக இருந்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் பெயர் வைத்திருக்கிறீர்கள். 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடை ஆலைத் தீயில் பெண்கள் ஜன்னலிலிருந்து குதித்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்தப் பெயரைத் தாண்டித்தானே தினமும் உள்ளே போகிறீர்கள்?

குடும்பங்களால் செலவைத் தாங்க முடியாது என்கிறீர்கள். உண்மைதான், அம்மாவின் சேமிப்பு கரைந்துகொண்டே இருக்கிறது. அதற்காக அந்தப் பெண்மணியின் கூலியில் கை வைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டு, பராமரிப்புக்குத் தரும் தொகையைக் கூட்டச் சொல்லுங்கள். டெக்சாஸில் அவருக்கென்று தனி மாநில ஓவர்டைம் சட்டம் கிடையாது, உங்கள் விதி ஒன்றுதான் இருக்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2013 விதியை அப்படியே இருக்க விடுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள், ஹூஸ்டன்